கண்ணகியின் பாக்கி

மங்கலதேவி மலையில் சித்ரா பௌர்ணமி கொண்டாடப் போகிற யாரும் அங்கே நின்று நிலாவைப் பார்க்க முடியாது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், இடுக்கிக்கும் தேனிக்கும் நடுவே எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கிறது அந்தக் கண்ணகி கோயில். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் ஜனங்களை விடுவார்கள். காலை ஆறு மணிக்குத் திறந்தால், மத்தியானம் தாண்டியபின் மேலே ஏற அனுமதி கிடையாது. பொழுது சாய்வதற்குள் பூசாரி, போலீஸ், டாக்டர், ஜீப் டிரைவர் உட்பட அத்தனை பேரும் இறங்கியாக வேண்டும். முழு நிலா உதிக்கும் நேரத்தில் அங்கே இருப்பது யானையும் காட்டுமாடும்தான்.

குமுளிப் பக்கம் தமிழ்வழிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். முழங்கால் ஒத்துழைத்தவரை கூடலூர்ப் பக்கம் போய், பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே ஏறினேன். இப்போது குமுளியிலிருந்து ஜீப். அந்தக் காட்டுப் பாதையில் ஜீப் தூக்கிப் போடுகிற போடில் பக்கத்து ஆளோடு சிநேகிதம் ஆகாமல் இருக்க முடியாது. ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. பௌர்ணமி தியானத்துக்காக வந்திருப்பதாகச் சொன்னார். "அம்மா, நீங்க அடிக்கடி வர்றவங்க போலிருக்கு. மேலே எந்த இடத்துல வைப்ரேஷன் அதிகம்?" என்று கேட்டார்.

"சோறு வாங்க வரிசை நிக்கிற இடத்துல, தம்பி" என்றேன். கேலி என்று நினைத்துச் சிரித்தார். கேலியில்லை.

பௌர்ணமி அன்று மேலிருந்து ஏதோ ஒரு சக்தி இறங்குகிறது, உட்கார்ந்து மனத்தைத் திறந்து வைத்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம் ஊரில் நூறு வருஷமாகப் புழங்குகிறது. தியோசபிகல் சொசைட்டியின் லெட்பீட்டர், 1925இல் வெளிவந்த ‘தி மாஸ்டர்ஸ் அண்ட் தி பாத்’ என்ற நூலில் இமயத்துக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கை வருணித்தார். வைகாசிப் பௌர்ணமியில் மகான்கள் அங்கே கூடுகிறார்களாம், புத்தர் உருவம் வானத்தில் தோன்றி ஆசி வழங்குமாம். ஆலிஸ் பெய்லி அதை இன்னும் விரித்து எழுதினார். பெரிய மண்டபங்களில் இன்று நடக்கும் வெசாக் என்னும் வைகாசிப் பௌர்ணமித் தியானங்கள் பலவற்றுக்கு வேர் இந்த வருணனைதான். பழைய பாலி நூல்களில் இதைத் தேடினால் கிடைக்காது. அங்கே கிடைப்பது நேர் எதிரான குரல். நட்சத்திர ஜாதகம் என்று ஒரு கதை. பட்டணத்து வீட்டார் கிராமத்துப் பெண்ணுக்கு நாள் குறிக்கிறார்கள். கடைசி நேரத்தில் சோசியம் பார்க்கிற ஒரு சாமியாரிடம் நட்சத்திரம் எப்படி என்று கேட்கிறார்கள். தன்னை முன்னாலேயே கேட்கவில்லை என்ற கோபத்தில் அவர் நாள் சரியில்லை என்று சொல்லிவிடுகிறார். அவர்கள் அன்றைக்குப் போகவில்லை. காத்திருந்து பார்த்த பெண் வீட்டார் அன்றே வேறு மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். முகூர்த்தம் பார்த்தே பாதி ஆயுளைக் கழிக்கிற நமக்கு இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே வைக்கலாம்.

அப்படியென்றால் பௌத்தத்துக்குப் பௌர்ணமி எதற்கு? விநய பிடகத்தின் மகாவக்கத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் தெய்வீகம் கொஞ்சமும் இல்லை. ராஜகிருகத்தில் மற்ற சமயத் துறவிகள் பட்சத்துக்கு 8, 14, 15 ஆகிய நாட்களில் கூடிப் பேசினார்கள். கேட்கப் போன ஜனங்களுக்கு அவர்கள்மேல் பிரியம் வந்தது, கூட்டம் கூடியது. இதைப் பார்த்த மகத மன்னன் பிம்பிசாரன், நம் பிக்குகளும் அந்த நாட்களில் கூடினால் என்ன என்று புத்தரிடம் போய்க் கேட்டான். அவரும் சரி என்றார். பிக்குகள் கூடினார்கள். கூடி, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். உபதேசம் கேட்க வந்தவர்களுக்கு எரிச்சல், ஊமைப் பன்றிகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே என்று. அந்தப் பேச்சு புத்தர் காதுக்குப் போன பிறகுதான் கூடுகிற நாளில் தர்மம் பேசுங்கள் என்று சொன்னார். அதன் பிறகு, பிக்குகளுக்கான விதிகளைச் சபையில் ஓத வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. அயலாரைப் பார்த்து வந்த ஆசை, ராஜாவின் யோசனை, ஜனங்களின் ஏச்சு இந்த மூன்றும் சேர்ந்து பிறந்ததுதான் உபோசதம் என்னும் பௌர்ணமி நோன்பு. இதை மறைக்காமல் எழுதி வைத்தவர்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

அந்த ஓதுதல் நடக்கிற விதம்தான் எனக்கு முக்கியம். தேரவாதத்தில் பிக்குவுக்கு 227 விதிகள். ஒருவர் ஓதுவார், மற்றவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்தி, இதில் நீங்கள் தூய்மையாக இருக்கிறீர்களா என்று மூன்று முறை கேட்பார். தவறு செய்தவன் வாய் திறந்து சொல்ல வேண்டும். செய்யாதவன் பேசாமல் இருந்தால் போதும், அவன் மௌனமே பதில். தவறு நினைவில் இருந்தும் ஒருவன் பேசாமல் இருந்தானானால், அந்த மௌனம் தெரிந்தே சொன்ன பொய்யாகக் கணக்கில் ஏறும். முதல் நாள் கூட்டத்தில் வெறுமனே வாய்மூடி உட்கார்ந்திருந்த அதே ஆட்கள், இப்போதும் வாய்மூடித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இப்போது அவர்கள் மௌனம் சாட்சிக் கூண்டில் நிற்கிறது.

தியான வகுப்புகளில் மௌனத்தைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். மூச்சு சீராகும், ரத்த அழுத்தம் இறங்கும் என்கிறார்கள். இறங்கட்டும், நல்லதுதான். ஆனால் உபோசத மௌனத்தில் நாலு பேர் முன்னால் உட்காருகிறோம், ஒரு கேள்வி மூன்று முறை கேட்கப்படுகிறது, ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு புரட்டல் நடக்கிறது. இன்னொன்று: இதே சபை அமாவாசையிலும் கூடுகிறது, இதே கேள்விதான் கேட்கப்படுகிறது. நிலாவின் ஒளிதான் மருந்து என்றால் அமாவாசைக்கு என்ன வேலை? ஊருக்கெல்லாம் தெரிகிற காலண்டர் நிலா ஒன்றுதான். எழுதப் படிக்கத் தெரியாதவனும் அண்ணாந்து பார்த்துத் தேதி சொல்லலாம். பௌர்ணமியானால், விளக்கில்லாத காலத்தில் கூட்டம் முடிந்து காட்டு வழியில் வீடு திரும்ப வெளிச்சமும் கிடைக்கும். ஏலக்காட்டில் யானைக்குப் பயந்து வாழ்கிற எங்களுக்கு அந்தக் காரணமே போதும்.

பிறையை வைத்து நாள் எண்ணுவது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயமில்லை. நான் பிறந்தது இலங்கையில், அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1966 முதல் 1971 வரை அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு வார விடுமுறை கிடையாது. அமாவாசை, பௌர்ணமி, நடுவில் வரும் இரண்டு அரைப் பிறைகள் ஆகிய நாலும் போயா நாள் என்று விடுமுறை. எங்கள் ஐயா எதையும் "போயாவுக்கு முந்தின நாள்", "போயா கழிஞ்சு ரெண்டாம் நாள்" என்றுதான் சொல்லுவார். சந்திரனுக்கு வாரக் கணக்கு தெரியாது என்பதால் வாரம் எப்போதும் ஏழு நாளில் முடியாது. வங்கிக்காரர்களும் ஏற்றுமதிக்காரர்களும் உலகத்தோடு ஒத்துப்போக முடியாமல் திண்டாடி, கடைசியில் ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாக இன்றும் நிற்கிறது.

வெசாக் வந்தால் அப்புத்தளைக் கடைத்தெருவில் மூங்கில் சிம்பில் வண்ணக் காகிதம் ஒட்டிய கூடுகள் தொங்கும். பன்சலை என்னும் பௌத்தக் கோயிலில் வெள்ளை உடுத்த பாட்டிமார் விடிகாலையிலேயே சில் எடுத்து, அதாவது நோன்பு ஏற்று, உட்கார்ந்துவிடுவார்கள். மத்தியானத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் வெறும் தேத்தண்ணீரும்தான். எங்கள் கண்ணெல்லாம் இலவசமாகச் சோறு போடுகிற தன்சல் பந்தல்மேல் இருக்கும். ரோட்டில் போகிற லொறியையும் பஸ்ஸையும் மறித்து, இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போ என்பார்கள். சிங்களவனா, தமிழனா, தோட்டத்துப் பிள்ளையா, யாரும் கேட்டதில்லை. மற்ற நாட்களில் கேட்பார்கள்.

ஒரு தடவை ஐயா என்னைத் தோளில் வைத்துக் கண்டி எசல பெரஹரா காட்டினார். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையின் யானைக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று நாலு தேவாலயங்களின் ஊர்வலம் வரும். கடைசியில் வந்ததைக் காட்டி, "அது நம்ம கண்ணகி அம்மா, கும்பிடு" என்றார். சிங்களப் பௌத்தர்களுக்குப் பத்தினி காவல் தெய்வம் மட்டுமில்லை. வருங்காலத்தில் ஒரு புத்தராக ஆகப்போகிறவள், அதற்கான பாதையில் நடந்துகொண்டிருப்பவள் என்பது அவர்கள் நம்பிக்கை. அவள் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவிலிருந்து போன தோட்டத் தமிழர் போன்றோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. எங்கள் முறை எழுபதுகளில் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் கம்பத்தில் ஒரு தூரத்துச் சொந்தம். தேயிலைக் கொழுந்து பறித்த கை அம்மாவுக்கு. அந்தக் கை வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கப் பழகிக்கொண்டது. மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவள் சொன்னது, "பாரு, நமக்கு முன்னாலேயே வந்து உக்காந்திருக்கா." கரந்தைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தேடித் தேடி நடந்து 1963இல் அந்த இடிபாட்டை அடையாளம் சொல்லியிருந்தார். சேரன் செங்குட்டுவன் எடுத்த கோயில் அதுதானா என்று மறுத்துப் பேசுகிறவர்களும் உண்டு. அம்மாவுக்கு அந்தச் சந்தேகம் இருந்ததில்லை.

1983 ஜூலை 24 ஆடிப் பௌர்ணமி. அன்றிரவு கொழும்பு பொரளையில் தமிழருக்கு எதிராகத் தொடங்கிய கலவரத் தீ, அடுத்தடுத்த நாட்களில் மலைநாட்டு ஊர்களுக்கும் பரவியது. போயா நாளென்றால் அந்த நாட்டில் சாராயக் கடை திறக்காது, கசாப்புக் கடை திறக்காது. அதே நாளில் ஆட்கள் தமிழர் வீட்டை எரிக்கப் புறப்பட்டார்கள். பௌர்ணமியிலேயே ஏதோ புண்ணியம் இருக்கிறது, அது தானாக மனிதர்மேல் இறங்கும் என்று யாராவது சொன்னால் நான் இந்தத் தேதியைத்தான் எடுத்து வைப்பேன். தன்சலில் என் தட்டில் சோறு வைத்த கைகளும் அந்த ஊர்க் கைகள்தான். எரித்த கைகளும் அந்த ஊர்க் கைகள்தான். இரண்டின் மேலும் ஒரே நிலா.

அடுத்த சித்திரையில் மங்கலதேவிக்கு ஏறியபோது, வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் அம்மா கேட்டாள்: "ஏன் புள்ள, இவளும் ஊரை எரிச்சவதானே. எரிச்சவளுக்கா நாம கோயில் கட்டிக் கும்பிடுறோம்?" வகுப்பில் எந்தப் பிள்ளையும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சிலப்பதிகாரம் நடத்தும்போது நாமெல்லாம் பாண்டியன் பிழையைப் பேசி முடித்துவிடுகிறோம். எரிந்த வீடுகளுக்குள் யார் இருந்தார்கள் என்று கேட்பதில்லை.

கேட்டவர் சீத்தலைச் சாத்தனார். மணிமேகலை காப்பியத்தில், மாதவியின் மகள் துறவு பூண்டு, வஞ்சியில் கண்ணகி கோயிலுக்குப் போய்ச் சிலை முன்னால் நின்று அழுகிறாள். கற்புக்கடன் தீர்த்தது என்ன விதம் என்று அவள் கேட்க, சிலை பேசுகிறது. கணவனுக்கு நேர்ந்ததைப் பொறுக்க முடியாமல் மதுரையை எரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறது. மதுரை மாநகரின் தெய்வம் வந்து பழம்பிறப்பின் வினையைச் சொல்லியும் தன் கோபம் தணியவில்லை என்கிறது. முன்பு செய்த நல்வினையால் இப்போது விண்ணில் இருக்கிறோம், அது தீர்ந்ததும் ஊரை எரித்த வினை எங்களைத் தேடி வரும், பிறந்து உழல வேண்டும், பிறகு ஒரு காலத்தில் மகத நாட்டில் புத்தன் தோன்றும்போது அவன் அறம் கேட்டுத்தான் விடுதலை என்கிறது. தன் கோயிலில், தன் பக்தை முன்னால், தன் தவற்றையும் அதற்கு வரப்போகும் தண்டனையையும் ஒரு தெய்வம் எடுத்துச் சொல்கிற வேறு இடம் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. கும்பிடப்படுகிற நிலையிலேயே அவள் உபோசதச் சபையில் எழுந்து நின்றுவிட்டாள்.

அம்மாவிடம் இதைத்தான் என் பாஷையில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப அவளுக்கும் பாக்கி இருக்கு" என்றாள். "இருக்கு" என்று நான் சொன்னதும் எழுந்து நடந்தாள். பாக்கி உள்ள தெய்வம் என்றதும் அவளுக்குப் பக்தி குறையவில்லை.

சித்ரா பௌர்ணமி நம் வீடுகளில் சித்திரகுப்தன் நாளும்கூட. எமலோகத்துக் கணக்குப்பிள்ளை அவன். காஞ்சிபுரத்தில் தனிக் கோயிலே இருக்கிறது. ஏடும் எழுத்தாணியும் கோலத்தில் வரைந்து படைக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. மலைமேல் பாக்கி உள்ளவள், மலைக்குக் கீழே கணக்கு எழுதுகிறவன், ராஜகிருகத்தில் மூன்று முறை கேட்கிற சபை. இவற்றை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு ஒரே பௌர்ணமிக் கயிற்றில் கட்டவில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் முழு நிலாவைக் கணக்குத் தீர்க்கிற நாளாகப் பார்த்திருக்கிறார்கள். என் தீர்மானமும் அதுதான்.

கணக்கோடு முடியவில்லை, பாத்திரமும் இருக்கிறது. மதுரையில் அமுதசுரபியை வைத்துப் பசித்தவருக்கெல்லாம் சோறு போட்ட ஆபுத்திரனின் கதை பலருக்கு மறந்துவிட்டது. இந்திரன் மழையைக் கொட்டி நாட்டைச் செழிப்பாக்கிவிட்டான். சாப்பிட ஆளில்லை. பசித்தவரைத் தேடிக் கப்பலேறியவன் மணிபல்லவத் தீவில் தவறுதலாக விடப்பட்டான். ஆளில்லாத தீவில் தனக்கு மட்டும் சோறு தருகிற பாத்திரம் வேண்டாம் என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறந்தான். ஆண்டுக்கு ஒரு முறை, புத்தர் பிறந்த வைகாசிப் பௌர்ணமியில், அது நீருக்கு மேலே வரும். அப்படி ஒரு பௌர்ணமியில்தான் மணிமேகலை கையில் அது சேர்ந்தது. யாழ்ப்பாணத்து நயினாதீவைத்தான் மணிபல்லவம் என்று பலர் சொல்வார்கள்.  

மணிமேகலைக்கு அந்தப் பௌர்ணமியில் ஒளியோ சித்தியோ கிடைக்கவில்லை, ஒரு சோற்றுப் பாத்திரம் கிடைத்தது. முதல் பிச்சையை ஆதிரை இட்டாள், யானைத்தீ என்னும் தீராப்பசி பிடித்த காயசண்டிகை முதலில் உண்டாள், பிறகு சிறைச்சாலையே அறச்சாலை ஆனது. பசிக்கும் தாகத்துக்கும் கொடுக்கிற இந்தப் பௌத்தம் கேரளத்துக்கும் அந்நியமில்லை. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான், 1922இல் ‘சண்டாலபிக்ஷுகி’க்கு வந்தபோது எடுத்துக்கொண்டது ஒரு கிணற்றடியை. தாகத்தில் தண்ணீர் கேட்கிறார் புத்தரின் சீடர் ஆனந்தர், கொடுக்கத் தயங்குகிறாள் தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட பெண். மங்கலதேவியிலும் அன்று அட்சய பாத்திரம் என்று பெயர் சொல்லித்தான் சோறு வழங்குகிறார்கள். கோயம்புத்தூர்த் தம்பிக்கு நான் அந்த வரிசையைக் காட்டியதற்குக் காரணம் அது.

தியானம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடைக்கானல் பெருமாள்மலையில் போதி ஜெண்டோ இருக்கிறது. ஆமா சாமி என்கிற ஏசு சபைப் பாதிரியார் ஜென் பயின்று வந்து 1996இல் தொடங்கியது. காந்திகிராமத்துக்குப் பக்கத்திலும், கேரளத்தில் செங்கன்னூர்ப் பக்கமும் கோயங்கா வழி விபஸ்ஸனா மையங்கள் உண்டு. பத்து நாள், காலை நாலு மணிக்கு எழுப்புவார்கள், கட்டணம் கிடையாது. அங்கெல்லாம் யாரும் பிறை பார்த்து உட்காருவதில்லை. உட்கார்ந்தவர்களைக் கேட்டால் ஒன்றைத்தான் சொல்வார்கள். கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் ஒளி வராது, பாக்கிகள்தான் வரும். யாரைப் பேசினோம், யாருக்குத் தராமல் விட்டோம், எந்தக் கோபத்தை இத்தனை வருஷம் ஊறப்போட்டு வைத்திருக்கிறோம். அது வருகிற வரை உட்கார்ந்திருப்பதும், வந்ததும் எழுந்து ஓடாமல் இருப்பதும்தான் அந்த வேலை.

அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவிக்கு வருகிறவர்கள் பிளாஸ்டிக் பாட்டில் எடுத்து வராதீர்கள், செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வயதானவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் கல்லில் பட்டால் கால் வைக்க முடியாது. வர முடியாதவர்கள் ஒரு மாதம் பொறுத்து வைகாசிப் பௌர்ணமியில் வீட்டிலேயே உட்காரலாம். உட்காருவதற்கு முன்னால் மட்டும், யாரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறதோ அவரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். பிக்குகளுக்கும் அதுதான் சட்டம்: தவறு செய்தவன் இன்னொரு பிக்குவிடம் போய்ச் சொன்ன பிறகுதான் பௌர்ணமிச் சபையில் உட்காரலாம்.